துணி போட்டு மூடிய வரகு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த என் அத்தை, தலைமையாசிரியர், எங்கள் அப்பா, ஊர்ப் பெரியவர், கீழேயிருந்து நடந்தே ஏறி வந்த அதிகாரி. பிறகு, தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்த நாம். பால்வாடிப் பிள்ளைகளும், ஒன்றிலிருந்து ஐந்து வரை படித்தவர்களும். வேறு யாரும் இல்லை. "நானும் அங்க இருந்தேன்" என்று பிற்பாடு சொன்னவர்கள் ஊருக்குள் நிறையப் பேர். அவர்கள் யாரும் அந்தச் சோற்றைத் தின்னவில்லை.

நீங்கள் தின்றீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் வயசுக்காரர்களில் பாதிப்பேர் கேரளத்துக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வரகு என்றால் கடையில் பாக்கெட்டில் விற்கும் பொருள். இங்கே நடந்ததை நீங்களும் மறந்திருப்பீர்கள். எனக்கு மறதி வருவதில்லை. பயப்படுகிற சுபாவக்காரிக்கு ஞாபகம் ஜாஸ்தி.

இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, நம் அங்கன்வாடி டீச்சர் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தார். சின்னப் பெண். கையில் ஒரு வண்ணப் படம் வைத்திருந்தார். தட்டு ஒன்றை வரைந்து, அதில் கீரை, பருப்பு, பழம் என்று பாகம் பிரித்திருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு நம் காட்டில் விளைந்ததிலேயே பொங்கல் போடலாம், முருங்கைக்கீரை சேர்க்கலாம், அம்மாக்களுக்கு எதில் என்ன சத்து என்று சொல்லித் தரலாம் என்றார். நல்ல காரியம். எல்லோரும் கை தட்டினார்கள்.

"எந்தத் தானியம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"வரகுங்க. சுகர்காரங்க கேக்கறாங்கன்னு ரெண்டு மூணு வருசமா நிறைய வூட்ல மறுபடி வெதைக்கறீங்களே. குழுவுல வூட்டுக்கு ஒரு படி குடுத்தா போதும்."

தட்டிய கையை இறக்கிவிட்டேன். மார்கழியில், களத்தில் கதிர் கிடந்தபோது, விடாமல் மழை பெய்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

*

அரிசிச் சோறு அப்போதெல்லாம் நமக்குப் பண்டிகை. வீட்டில் சாமைச்சோறு, கேவுரு கூழ், களி. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சத்துணவு ஆரம்பித்த புதிது. "நெல்லுச் சோறு போட்றாங்களாம்" என்றுதான் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். படிப்பு அதோடு கூட வந்தது.

அந்த அரிசியின் வாசனை ஞாபகம் இருக்கிறதா? சாக்கு வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் கலந்து ஒரு நெடி. வெந்து கொதிக்கும்போது வண்டுகள் மேலே மிதக்கும். அத்தை கரண்டி விளிம்பால் அவற்றைத் தள்ளித் தள்ளி எடுப்பாள். நாம் அதையும் அமிர்தம் மாதிரித் தின்றோம். என் அலுமினியத் தட்டின் விளிம்பில் அப்பா ஆணியால் ஒரு புள்ளி குத்தியிருந்தார், தட்டு மாறிப் போகாமலிருக்க. அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கூரை மாற்றியபோது போயிருக்கலாம்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. புருஷன் சாராயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. சமையல் வேலை கிடைத்தபோதுதான் அவள் முதல்முதலாக நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன். அரிசி வைக்கும் அறையின் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்திருப்பாள். குனிந்து நிமிரும்போது அது பாத்திரத்தில் பட்டு 'ணங்' என்னும். குடத்தில் தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனாலும் சாவியோடுதான் போவாள். குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டாள். சாராயம் குடித்தவன் பத்தடி தள்ளி நடந்தாலும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர் நைனார்பாளையத்துப் பக்கம். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட அறையிலேயே தங்கிச் சனிக்கிழமை இறங்குவார். ஒருநாள் மேசைமேல் சாமை, தினை, வரகு, மொச்சை, முருங்கைக்கீரை எல்லாம் பரப்பி வைத்துப் பாடம் நடத்தினார்.

"இதெல்லாம் என்னன்னு யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

நாம் சிரித்தோம். தினமும் காலில் மிதிபடுவதைக் காட்டி என்ன என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

"சிரிக்காதீங்க. இதுல இருக்கற சத்து அரிசியில இல்ல. அரிசிதான் சோறுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

எனக்குப் பக்கத்துத் தட்டுக்காரி, வாயாடி, எழுந்து நின்றாள். "நீங்கதான சார் தினிக்கும் அரிசி போட்றீங்க."

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதையே பிள்ளைகளுக்குப் போட்டால் என்ன என்ற யோசனை அவருக்கு அன்றைக்குத்தான் விழுந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

மார்கழியில் புயல் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் நின்றுபோயிற்று. கச்சிராயபாளையத்திலிருந்து வர வேண்டிய அரிசி வரவில்லை. அத்தை சாக்கை உதறி, மடிப்பில் ஒட்டியிருந்ததையும் பொறுக்கி ஒருநாள் கஞ்சி வைத்தாள். மறுநாளிலிருந்து அடுப்பு எரியவில்லை. பால்வாடிப் பிள்ளைகள் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மழைக்காலத்தில் நம் வீடுகளிலும் ஒரு வேளைதான் அடுப்பு எரியும்.

தலைமையாசிரியர் ஊர்ப் பெரியவரைத் தேடி வந்தார். அப்பாவும் கூட இருந்தார். நான் அப்பா முதுகுக்குப் பின்னால்.

"பெரியவரே, ரோடு சரியாவறவரைக்கும் வூட்டுக்கு ஒரு படி தானியம் குடுங்க. உங்க பிள்ளைங்களுக்குத்தான். அதிகாரி ஒருத்தர் வேற பாக்க வராரு. அடுப்பு அணைஞ்சு கெடந்தா இஸ்கூலயே மூடிட்டுப் போயிடுவாங்க."

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "சாமைதான் அறுத்து கெடக்குது. ஆனா பொங்கலுக்குச் சாமிக்குப் படைக்காத புதுச்சாமைய பிள்ளைங்க வாய்ல போட்டா ஆவாது சார். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்ப?"

"வரகு தரோம். அதுக்குக் கட்டு இல்ல."

பிள்ளைகளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் சாமையை விட்டு வரகுக்குப் போனார்கள்.

தலைமையாசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வரகு இன்னும் நல்லதுங்க."

நம் ஊரில் பொதுக்காரியத்துக்குத் தானியம் கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். படியில் அளந்து, மேலே துணி போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். பாயில் கொட்டும்போது பெரியவர் முதுகைக் காட்டி நிற்பார். மற்றவர்களும் வேறு பக்கம் பார்ப்பார்கள். யார் படி தலைதட்டியது, யார் படி அரைகுறை, யாருடையது நல்லது, யாருடையது சொத்தை, ஒன்றும் தெரியக் கூடாது. கொட்டியபின் அது ஊர்க்குவியல். யாருடையது என்று கேட்பது அவமானப்படுத்துவதற்குச் சமம். இல்லாதவன் தலைகுனியாமல் இருக்க யாரோ யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு.

எங்கள் வீட்டுப் படியை அப்பா அளந்தார். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டு மூலையில் பழைய வரகு இருந்த குதிரும், மழையோடு மழையாக அடித்து வாரிய புது வரகின் குவியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா குனிந்தார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். எதிலிருந்து அள்ளினார் என்று தெரியாது. அப்பா சாகும்வரை நான் கேட்கவில்லை. ஊர் வழக்கப்படி அதைக் கேட்கக் கூடாது. கேட்டு, அவர் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

களத்தில் மழை பிடித்த வரகு என்ன செய்யும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். கிறுக்கு வரகு என்பார்கள். தின்றால் தலை சுற்றும், கை நடுங்கும், நாக்குக் குழறும், தூக்கமாக வரும். அதைக் குதிரில் போட்டு ஒரு வருஷம் ஆறவிட்டுத்தான் எடுப்பது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்காரரும், மற்ற வீடுகளில் பழசுதான் தருவார்கள், நம் வீட்டில் ஒரு படி புதுசு போனால் அத்தனை பழசில் கரைந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். எத்தனை வீடு அப்படி நினைத்ததோ.

*

பெண்கள் சேர்ந்து குத்தினார்கள். உமி போனபின் எல்லா வரகும் ஒரே நிறம். அத்தை கழுவிக் களைந்து உலையில் போட்டாள். மொச்சைக் குழம்பு. சமைத்தவள் முதலில் தின்று பார்க்க வேண்டும் என்பது கூடத்தின் விதி. ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. விஷயம் ருசியில் தெரிகிற விஷயமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"அரிசி இல்லியா அத்தே?" என்று நான் முகத்தைத் தூக்கினேன்.

"உங்கப்பன் மேல இருந்து கொட்டுவான், புடிச்சிக்கோ. துன்னுடி."

தலைமையாசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னார்: "நம்ம மண்ணுல வெளஞ்சதுடா. நல்லா சாப்புடுங்க." அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு அவரிடம் பார்க்கவே இல்லை. அதிகாரி வந்தால் காட்டிவிட்டுப் பிறகு தின்னலாம் என்று தன் பங்கை ஒரு தட்டில் போட்டு மூடியும் வைத்தார்.

பசியில் எல்லோரும் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றோம்.

முதலில் பக்கத்துத் தட்டுக்காரிக்குத்தான் வந்தது. கணக்குப் போடும்போது சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "செவுரு நடக்குதுடி" என்றாள். நாக்கு தடித்து, 'நழக்குது' என்று வந்தது. நான் அவளைப் பார்க்கத் திரும்பினேன். என் தலை திரும்பியது, கண் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. பால்வாடிப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஒருவன் வாந்தியெடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்கள்.

அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். ஒரு பார்வை. "ஐயோ, கிறுக்கு வரகு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு ஓடி, வரகு மயக்கத்துக்கு முறிவான புளித்த கூழ்த்தண்ணியை இருந்த பானையோடு தூக்கி வந்தாள். புளியைக் கரைத்து அதில் ஊற்றினாள். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் போட்டு, வாயைப் பிளந்து ஊட்டினாள். அவளுக்கும் கால் பின்னிக்கொண்டு வந்தது. அவளும் தின்றவள்தானே. பாதிப் பிள்ளைகளுக்கு ஊட்டியபின் பானையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். சேலை நழுவியதுகூடத் தெரியவில்லை. தகவல் கேட்டு அப்பாவும் பெரியவரும் வந்து சேர்ந்தார்கள்.

அதிகாரி ஏறி வந்தது அந்த நேரத்தில்தான்.

*

ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து வந்திருந்தார். பேண்ட் முட்டிவரை மண். வாசலில் நின்று பார்த்தார். பிள்ளைகள் உளறிக்கொண்டு கிடக்கிறார்கள். கூடம் முழுக்கப் புளித்த வாடை. சமையல்காரி கறுத்த பானை ஒன்றைக் கட்டிக்கொண்டு தள்ளாடுகிறாள்.

"என்ன வாத்தியாரே இது?"

தலைமையாசிரியர் வாயைத் திறந்து மூடினார். அவர் தின்றிருக்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தார்.

அதிகாரி குனிந்து பானையை முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "ஊறலா? பள்ளிக்கூடத்துல ஊறல் வைக்கிறீங்களா? பிள்ளைங்களுக்கு ஊத்தியிருக்கா இந்தப் பொம்பள!"

மலை என்றாலே அவர்களுக்குச் சாராயம்தான். ஊறல் போட்டுக் காய்ச்சியவர்களும் இங்கே இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இப்போதுகூட, கீழே கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த சமயம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"சாராயம் இல்லிங்க" என்றார் அப்பா. "துன்ன சோத்துல..."

"சோத்துல என்ன?"

"வரகுங்க. மழை புடிச்ச வரகு..."

"யார் வீட்டு வரகு? யார் குடுத்தது? சொல்லு, எழுதிக்கறேன்."

அப்பா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்தார். "எல்லார் வூட்டுதும்தாங்க. ஊர்க்குவியலு."

"எல்லார் வீட்டுதும்னா? கெட்டது யாருது?"

"அது தெரியாதுங்க. கேக்கவும் மாட்டோம்."

"கேக்க மாட்டீங்களா? பிள்ளைங்க செத்துக்கினு இருக்குதுங்க, கேக்க மாட்டீங்களா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அப்பாவும் அதற்குமேல் பேசவில்லை. அந்த மௌனம் நம் ஊருக்கு மானம். அவருக்கு அது திருட்டு முழி.

தலைமையாசிரியர் பேசியிருக்கலாம். நான்தான் வீட்டுக்கு ஒரு படி கேட்டேன், நான்தான் போடச் சொன்னேன் என்று. மேலிடத்தில் கேட்காமல் வெளித்தானியத்தைக் கூடத்துக்குள் விட்டவர் அவர். மூடி வைத்திருந்த அந்த ஒரு தட்டுச் சோறு அவர் மேசைமேல் இருந்தது. அதைக் காட்டவில்லை. மெதுவாக ஒரு பழைய வரைபடத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். நான் படுத்தபடியே பார்த்தேன். மயக்கத்தில் கண்டதா நிஜமா என்று அப்போது சந்தேகமாக இருந்தது. இப்போது இல்லை. அவர் கெட்டவரில்லை. வயசான தாயும் கல்யாணத்துக்கு நின்ற தங்கையும் அவருக்கு இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பயந்துவிட்டார். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா?

அதிகாரி அத்தையிடம் சாவியைக் கேட்டார்.

அவள் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். கை நடுங்கியது. விரல் முடிச்சில் விழவில்லை. பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. "நா... குழிக்கல சார்..." என்றாள். 'குடிக்கல' என்று சொல்ல வராமல் அப்படி வந்தது.

"பாருய்யா, நாக்கே பொரளல" என்றார் அதிகாரி.

கடைசியில் அப்பா அரிவாளால் கயிற்றை அறுத்துச் சாவியைக் கொடுத்தார். 'ணங்' என்ற சத்தம் கேட்கவில்லை. அதிகாரி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்தபோது பிள்ளைகள் எல்லோரும் தெளிந்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறது என்று அழுதோம்.

*

பாதை சரியானதும் அரிசி வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: மலையில் விளைந்த எதுவும் சமையல்கூடத்துக்குள் நுழையக் கூடாது. கீரை உட்பட. வேலியோரம் முருங்கை காய்த்துத் தொங்கும். உள்ளே காய்ந்த பூசணி வேகும். வேறு சமையல்காரி வந்தாள். தலைமையாசிரியர் தானியப் பாடத்தை மறுபடி எடுக்கவில்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அத்தைக்கு அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியட்டும் என்றார்கள். அவள் பலதடவை கள்ளக்குறிச்சிக்குப் போய் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். விசாரணை நடந்ததா என்றே தெரியவில்லை. ஊருக்குள் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் என்றார்கள். ஆனால் இது இன்னார் வீட்டு வரகு என்று யாரும் அவளுக்காக வாய் திறக்கவும் இல்லை. ஓடையில் எதிரே வந்தால் பேச்சை மழை, மாடு என்று வைத்துக்கொண்டார்கள். அவள் குடத்தை இறக்காமலே நின்று பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

கீழூர்ப் பிள்ளைகள் என்னை 'சாராயக்காரி வூட்டுப் பொண்ணு' என்றார்கள். அப்பா ஒருநாள் கேட்டுவிட்டார். "படிச்சது போதும். ஆடு ஓட்டு" என்றார். அத்தோடு முடிந்தது என் படிப்பு.

அத்தை கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சித்தாள் வேலை செய்தாள். கருணாபுரத்தில் ஓர் ஒற்றை அறை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அவளைப் பார்க்கப் போனேன். ரேஷன் அரிசிச் சோறு போட்டாள். செங்கல் தூக்கித் தூக்கித் தலையின் உச்சியில் முடி போயிருந்தது. சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள்.

"உங்கப்பன் எதுலேர்ந்து அள்ளினான்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது அத்தே."

"நீ பக்கத்துல நின்னியாமே."

"முதுவதான் பாத்தேன்."

என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "சரி வுடு. துன்னு" என்றாள். அவளும் அப்பாவைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளும் அந்த ஊர்ப் பெண்தானே.

*

இப்போதைய கதைக்கு வருகிறேன். குழுவின் தலைவி யார் தெரியுமா? சுவர் நடக்குது என்ற அதே பக்கத்துத் தட்டுக்காரி. வாய் இன்னும் குறையவில்லை. டீச்சர் போனபிறகு நான் எழுந்து சொன்னேன்.

"படிய தொறந்து கொண்டாரணும். துணி போடக்கூடாது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னாடி பேசற? ஊரு மொறைய மாத்துவியா?" என்றாள் தலைவி.

"மழை புடிச்சிது. நீயும் பாத்த. போன வருசத்து வரகு மட்டும் குடுக்கணும். அவங்கவுங்க வரகு தனித்தனி பையில இருக்கணும். மூணு வயசுப் பிள்ளைங்க."

"இவளுக்கு பஸ்ல ஏறினா பிரேக் புடிக்கலன்னு பயம், எறங்கினா லாரி வருதுன்னு பயம்." சிரிப்பு. "துணிய எடுத்துட்டா யார் வூட்ல கம்மின்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அத யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுமா சொல்ற?"

"எங்க அத்தைய யோசிச்சேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. இளம்பெண்களுக்குக் கதை தெரியாது. என்ன என்ன என்று கேட்டார்கள். தலைவி அவர்களுக்குச் சொல்லவில்லை. தரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, தொறந்தே கொண்டாங்க" என்றாள்.

கொட்டும் நாளில் அங்கன்வாடி வாசலில் பாய் போட்டு, பக்கத்தில் தனித்தனியாகப் பைகள் வைத்திருந்தோம். முதலில் வந்தவள் தலைவிதான். பழக்கதோஷத்தில் படிமேல் துணி இருந்தது. பாய்க்கு முன்னால் நின்று அதை எடுத்தாள். படி பாதிகூட இல்லை. அவள் மாடி வீட்டுக்காரி; மகன் கீழே கடை வைத்திருக்கிறான்; ஊரே அவளிடம்தான் கைமாற்று கேட்கும். அந்த வீட்டுக் குதிர் காலி என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் வேறு பக்கம் பார்த்தோம். அது பழைய முறையில் இல்லாதது.

"பழசுதான்" என்றாள் என்னிடம். "முழுசாவும் இதான். முகந்து பாரு."

முகர்ந்தேன். வரகை முகர்ந்து எதுவும் தெரியாது. அவளுக்காக முகர்ந்தேன்.

பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பெண், துணி எடுப்பதைப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போனாள். படி இடுப்பில் இருந்தது. யார் என்று எழுத மாட்டேன். அவள் படியில் கம்மியாக இருந்ததா, புதுசு இருந்ததா, அதுவும் தெரியாது. மறுநாள் ஓடையில் என்னைப் பார்த்தும் பேசவில்லை. நான் சரியாகச் செய்தேனா என்று இன்றுவரை புரண்டு புரண்டு படுக்கிறேன்.

குத்தியதில் ஒவ்வொரு பையிலிருந்தும் எடுத்து முதல்நாளே நாங்கள் பொங்கித் தின்றோம். தின்றுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இன்னாடி, செவுரு நடக்குதா?" என்று தலைவி கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள்தான் பிள்ளைகளுக்கு.

வரகுப் பொங்கல், முருங்கைக்கீரை. டீச்சர் வண்ணப் படத்தைக் காட்டி அம்மாக்களிடம் பேசிக்கொண்டே ஊட்டினார். பிள்ளைகள் நன்றாகத் தின்றார்கள். ஒருத்தி, "நாளிக்கும் இதா?" என்று கேட்டாள். அம்மாக்கள் போன பிறகும் நான் எழவில்லை. தலைவியும் எனக்குத் துணையாக உட்கார்ந்தாள்.

சாப்பிட்டதும் பிள்ளைகள் பாயில் படுத்துத் தூங்கிப்போனார்கள். தினமும் தூங்குகிற நேரம்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தன்மேல் ஒருத்தன் காலைப் போட்டுக்கொண்டு அப்படிக் கிடப்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். போய் ஒரு பையனைத் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க, தூங்கற பிள்ளைய எழுப்புறீங்க!" என்று டீச்சர் ஓடி வந்தார்.

பையன் கண்ணைத் திறந்தான். என்னைக் கடுப்பாகப் பார்த்தான். "தண்ணி" என்றான். நாக்குத் தெளிவாக இருந்தது. கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டீச்சர் என்னை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தார். எதற்கு இப்படிப் பயப்படுகிறேன் என்று கேட்டார். தலைவிதான் சொன்னாள், முழுவதும், சாவியை அறுத்தது, அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது வரைக்கும். தானும் அன்று தின்றதைச் சொன்னாள். டீச்சர் உள்ளே போய்த் தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இங்க சமைக்கறவங்களுக்கு இந்த மாசச் சம்பளம் நாளைக்கு வந்துடுங்க" என்றார் பிறகு, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "அப்ப உங்க அத்தைக்கு அந்த மாசத்துது கடைசில வந்துச்சா?"

"வரல. அவுங்களும் போய்ச் சேந்துட்டாங்க."

"எவ்ளோங்க அது?"

"அறுவது ரூபா."